கால்வாய்க் கரையில் ஒரு குடியிருப்பு

கால்வாய்க் கரையில் ஒரு புதிய குடியிருப்பை அமைப்பது என்றால், அதை எவ்வாறு திட்டமிட வேண்டும், எந்தப் படி முதலில், எந்தப் படி பிறகு என்பதைப் பற்றி நாம் இன்று சிந்திக்கப் போகிறோம். இத்தகைய பேச்சுக்கு வெனிஸ் நகரத்தையோ கேரளத்துக் காயல்களையோ எடுத்துக்காட்டாகக் கொள்வது வழக்கம். நாம் எடுத்துக்கொள்வது பெங்களூரில் உள்ள ஸ்ரீராம்புரம். அங்கே படகு செல்லும் கால்வாய் இல்லை. உள்ளது மழைநீருக்கென ஏற்பட்டு, இன்று பெரும்பாலும் கழிவுநீரைச் சுமக்கும் கால்வாய்தான். அதன் ஓரமாகச் செல்வோர் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைகின்றனர். ஆயினும், கால்வாய்க் கரையில் மக்கள் வாழ்வது என்ற பொருளை நம் நாட்டு நிலைமையில் வைத்து ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

முதலில் நிலத்தின் அமைப்பை நோக்குவோம். பெங்களூரு கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நிலம். நகரின் நடுவே ஓர் உயர்ந்த வரம்பு வடக்கு தெற்காக ஓடுகிறது. அதன் கிழக்கே விழும் மழை ஒரு திசையிலும், மேற்கே விழும் மழை மற்றொரு திசையிலும் இறங்கும். இவ்வாறு இறங்கும் நீர் மூன்று பெரும் பள்ளத்தாக்குகளில் சேர்கிறது. ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்கல–சல்லகட்டப் பள்ளத்தாக்கு, விருஷபாவதிப் பள்ளத்தாக்கு என்பன அவை. ஸ்ரீராம்புரம் இவற்றுள் மூன்றாவதைச் சேர்ந்தது. மல்லேசுவர மேட்டிலிருந்து இறங்கும் நீர் ஸ்ரீராம்புரம், ஓகளிபுரம் பக்கத்துத் தாழ்நிலங்களின் வழியே மாகடிச் சாலையைக் கடந்து, மைசூர்ச் சாலையை நோக்கிச் செல்கிறது. அங்கிருந்து விருஷபாவதியாகி, அர்க்காவதியில் கலந்து, முடிவில் காவிரியை அடைகிறது.

ஆற்றுவளம் இல்லாத இந்த மேட்டில் ஊரை அமைத்தவர்கள் ஏரிகளை நம்பியே வாழ்ந்தனர். 1537 ஆம் ஆண்டில் கெம்பே கவுடர் பெங்களூருக் கோட்டையை எழுப்பிய காலத்திலிருந்தே ஏரி வெட்டுதல் ஊர் அமைத்தலின் ஒரு பகுதியாக விளங்கியது. மேல் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அடுத்ததற்குச் செல்லும். இவ்வாறு ஏரிகளைக் கோத்து நின்ற பெரிய கால்வாய்க்கே கன்னடத்தில் ராஜகாலுவே என்று பெயர். 'காலுவே' என்பது நம் 'கால்', 'வாய்க்கால்' என்னும் சொற்களுக்கு உறவான சொல். நம் நாட்டில் வரத்துக்கால், போக்குக்கால், கலிங்கு, மதகு என்று எவற்றைச் சொல்கிறோமோ அவையே அங்கும் இருந்தன. மதகைத் திறந்து மூடி, நீரை முறைப்படி பங்கிட்டவரைக் கன்னட நாட்டில் நீருகண்டி என்றனர். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்றனர். ஆகவே கால்வாய் என்பது அக்காலத்தில் யாருக்கும் உரிமையற்ற பள்ளம் அன்று; காவலரும் கணக்கும் உடைய பொதுச் சொத்து.

இந்த நிலை மாறியது எவ்வாறு? 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் வழியே குடிநீர் வரத் தொடங்கியது. அப்போது மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் கே. சேஷாத்ரி ஐயர். குழாய்நீர் நகரத்திற்குப் பெரும் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டு வாயிலில் நீர் வந்ததும், ஊர் ஏரியின் தேவை மக்கள் மனத்தில் குறைந்தது. தேவை குறைந்ததும் காவல் குறைந்தது. காவல் குறைந்த ஏரி தூர்ந்தது. தூர்ந்த ஏரி மனைநிலமாயிற்று. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று நகரின் பெரிய பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. சேஷாத்ரிபுரத்தை அடுத்த ஜக்கராயன ஏரியும் மறைந்துவிட்டது. 1882 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சாங்கி ஏரி மட்டும் அந்த வட்டாரத்தில் எஞ்சி நிற்கிறது.

ஏரி போனாலும் மேட்டில் விழும் மழை போய்விடுவதில்லை. ஏரியில் தங்கிச் செல்ல வேண்டிய நீர், தங்க இடமின்றிக் கால்வாயில் ஒரேயடியாகப் பாய்கிறது. இதன் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் நீர் விழும். ஒரு சதுர கிலோமீட்டரில் 5 கோடி லிட்டர் விழும். மண்ணும் மரமும் உள்ள நிலமானால் இதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியதும் மெல்லவே வந்து சேரும். கூரையும் தார்ச் சாலையும் மூடிய நிலமானால் ஏறக்குறைய முழுவதும், அதுவும் விரைவில், கால்வாயை வந்தடையும். பழைய கால்வாயின் அகலமோ பழைய நிலத்திற்காக அளந்தது. அந்த அகலத்தையும் நாம் குறுக்கிவிட்டோமானால், நீர் வீட்டிற்குள் நுழைவதில் வியப்பென்ன இருக்கிறது?

இனி ஸ்ரீராம்புரமும் அதன் அயலூரும் உருவான வரலாற்றைப் பார்ப்போம். 1898 ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான பழைய பேட்டைகளே நோய்க்கு இருப்பிடம் என்பதை உணர்ந்த ஆட்சியாளர், முன்னரே எண்ணியிருந்த மல்லேசுவரம், பசவனகுடி என்னும் இரு புதிய விரிவுகளையும் விரைந்து அமைத்தனர். நேரான அகன்ற தெருக்கள், தோட்டத்திற்கு இடம்விட்ட மனைகள், வீட்டின் பின்புறம் துப்புரவுப் பணிக்கென ஒரு சந்து என்று அவை வரையப்பட்டன. மல்லேசுவரத்திற்கு அப்பெயர் தந்த காடு மல்லேசுவரர் கோயிலில் 1669 ஆம் ஆண்டின் கல்வெட்டு ஒன்று உண்டு. பின்னாளில் தஞ்சையை ஆண்ட வெங்கோஜி அக்கோயிலுக்கு ஒரு கிராமத்தை மானியமாக அளித்ததை அது கூறுகிறது. தமிழ்நாட்டுத் தொடர்பு அந்த மேட்டிற்கு அன்றே இருந்தது எனலாம்.

மேட்டில் மல்லேசுவரம் எழுந்தது. அதன் அடிவாரத்தில், இருப்புப்பாதைக்கும் ஆலைகளுக்கும் அருகே, உழைப்பாளர் குடியிருப்புகள் நெருங்கி வளர்ந்தன. 1880-களிலேயே பெங்களூரில் பஞ்சாலைகள் தோன்றிவிட்டன. பின்னர் பின்னி ஆலை என்று பெயர் பெற்ற ஆலையும், மல்லேசுவரத்தை அடுத்து மக்கள் ராஜா மில் என்றழைத்த ஆலையும், மாகடிச் சாலையில் மினர்வா ஆலையும் இந்த வட்டாரத்திற்குப் பிழைப்பைத் தந்தன. ஆலையைத் தேடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஸ்ரீராம்புரத்திலும் ஓகளிபுரத்திலும் குடியேறின. மேட்டில் மனை விலை மிகுதி, பள்ளத்தில் குறைவு. சங்கொலி கேட்டதும் நடந்தே ஆலைக்குச் செல்லக்கூடிய தொலைவில் வாடகை எங்கே குறைவோ அங்கே தொழிலாளி தங்கினான். கால்வாய்க் கரையை அவன் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அவனுக்கு எஞ்சியிருந்த இடம் அதுவாக இருந்தது.

ஒரே மழை பெய்யும் ஒரே சரிவில், மேல் பகுதிக்குத் திட்டம் முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது. கீழ்ப் பகுதியில் பல இடங்களில் வீடு முதலில் வந்தது, வடிகால் பிறகு வந்தது. ஸ்ரீராம்புரத்தின் சிக்கல் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. படிமுறை என்று நாம் சொல்வதன் பொருளும் இதுவே. கட்டடத்தின் அழகைவிட, எது முன் எது பின் என்னும் ஒழுங்கே ஒரு குடியிருப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இந்த ஒழுங்கைப் பிற நாட்டார் எவ்வாறு கையாண்டனர் என்று பார்ப்பதும் பயன் தரும். ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 1613 ஆம் ஆண்டில் தன் புகழ்பெற்ற கால்வாய் வளையத்தைத் தொடங்கிற்று. ஒன்றையொன்று சூழ்ந்த மூன்று பெரிய கால்வாய்களை ஒரே மூச்சில் அவர்கள் வெட்டிவிடவில்லை. மேற்குப் பகுதியை முதல் கட்டமாகவும், அதன் தொடர்ச்சியை 1650-களின் இறுதியிலிருந்து இரண்டாம் கட்டமாகவும் அமைத்தனர். கால்வாயும் கரையும் தெருவும் முதலில். மனை ஏலம் அதன் பிறகு. பெரிய கால்வாய்க் கரையில் நாற்றமும் இரைச்சலும் தரும் தொழில்களைத் தடுத்தனர். வீட்டின் பின்னே தோட்டத்திற்கு இடம்விட விதி செய்தனர். இறுதிப் பகுதியில் மனைகள் எதிர்பார்த்தவாறு விற்கவில்லை. ஆகவே ஆம்ஸ்டல் ஆற்றிற்கு அப்பால் இருந்த நிலத்தின் ஒரு பகுதியைத் தோட்டங்களுக்கு விட்டுவிட்டனர். படிப்படியாகச் செய்வதன் நன்மை இது: நடுவே நிலைமை மாறினால் திட்டத்தையும் மாற்றிக்கொள்ள இடமிருக்கும்.

ஆனால் அந்த நகரத்திலும் குறை இருந்தது. அழகிய மாளிகைகளின் கழிவுநீர் நெடுங்காலம் கால்வாயிலேயே விழுந்தது. முறையான கழிவுநீர்க் குழாய்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அங்கே வரத் தொடங்கின. தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் வளையத்திற்கு வெளியே யோர்டான் என்னும் நெருக்கமான பகுதியே கிடைத்தது. அதை உருவாக்கியபோது பழைய வயல்வரப்புகளையும் பள்ளங்களையும் ஒட்டியே தெருக்களை அமைத்தனர். மேட்டுக்கு ஒரு நீதி, பள்ளத்திற்கு ஒரு நீதி என்பது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

சென்னையின் அனுபவமும் இங்கே நினைக்கத்தக்கது. 1920-களில் நீண்ட ஏரியின் படுகையில் மாம்பலம் திட்டத்தின் கீழ் தியாகராய நகர் எழுந்தது. பூங்காவும் அகன்ற சாலைகளும் உடைய நல்ல திட்டம் என்று அதைப் புகழ்வர். ஆயினும் ஏரியின் நினைவு நிலத்தை விட்டு அகலவில்லை. 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது, அந்நகரின் தெருக்களில் நீர் தேங்கிற்று; மாம்பலம் கால்வாயின் நிலையும் எல்லோருடைய பேச்சிலும் அடிபட்டது. மற்றொரு புறம், 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய், ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்ற வழி. 1990-களில் பறக்கும் ரயிலுக்குரிய தூண்கள் அதன் படுகையிலேயே நாட்டப்பட்டன. கரையில் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரின் தெற்கே தொலைவில் உள்ள கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வு இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வெள்ளத்திலிருந்து தப்பினர், ஆனால் வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் விலகிப்போயினர். ஒரு துன்பத்தை நீக்கி மற்றொன்றைத் தருவது தீர்வாகுமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஸ்ரீராம்புரத்தை ஒத்த இடத்தில் கால்வாய்க் கரைக் குடியிருப்பைப் புதிதாக அமைக்கவோ புதுப்பிக்கவோ முற்படுவோர் கொள்ள வேண்டிய படிகளை இனி வரிசையாகக் கூறுவோம்.

முதற்படி அளத்தல். கரையை மட்டும் அளந்தால் போதாது. அந்தக் கால்வாய்க்கு நீர் அனுப்பும் மேட்டு நிலம் முழுவதையும் அளக்க வேண்டும். எத்தனை கூரைகள், எத்தனை சாலைகள், எங்கே பள்ளம், எங்கே பழைய ஏரிப் படுகை என்று சமமட்டக் கோடுகள் இட்ட வரைபடம் வேண்டும். மல்லேசுவரத்தில் ஒரு தோட்டம் மூடப்பட்டால் ஸ்ரீராம்புரத்தில் ஒரு விரல்கடை நீர் உயரும் என்ற உணர்வோடு அந்த வரைபடம் தயாராக வேண்டும்.

இரண்டாம் படி பிரித்தல். மழைநீரையும் கழிவுநீரையும் ஒரே வழியில் விடுதல் கூடாது. வீட்டுக் கழிவுநீர் தனிக் குழாயில் சென்று சுத்திகரிப்பு நிலையத்தை அடைய வேண்டும். இது முடியுமுன் கரையில் பூச்செடி நடுவதும் இருக்கை போடுவதும் புண்ணை மூடிப் பட்டுத் துணி போர்த்துவது போலாகும். பெங்களூரில் கோரமங்கலப் பள்ளத்தாக்கின் பழைய காலுவே ஒன்றை, நகரின் நடுவிலிருந்து பெல்லந்தூர் ஏரியை நோக்கி 11, 12 கிலோமீட்டர் தொலைவிற்குச் சீராக்கும் வேலை 2021 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கழிவுநீரைக் கால்வாயிலிருந்து விலக்குவதே அதில் முதன்மையான, மிகக் கடினமான வேலையாக அமைந்தது. தென்கொரியாவின் சியோல் நகரில், மேம்பாலத்தின் கீழ் மறைந்திருந்த சோங்கேசோன் ஓடையை 2003 முதல் 2005 வரை 5.8 கிலோமீட்டர் தொலைவிற்குத் திறந்துவிட்டனர். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி எந்திரத்தால் ஏற்றி விடப்படுவது. அத்தகைய செலவை நாம் மேற்கொள்ளுமுன் பலமுறை சிந்திக்க வேண்டும்.

மூன்றாம் படி இடம்விடுதல். கால்வாயின் இரு மருங்கிலும் வெறுநிலம் வேண்டும். அந்நிலம் வீணன்று. வெள்ளம் வந்தால் விரிந்து நிற்கவும், தூர் வாரும் எந்திரம் இறங்கவும், மற்ற நாளில் பிள்ளைகள் விளையாடவும் அது உதவும். 2007 ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற பெங்களூருப் பெருந்திட்டம், பெரிய கால்வாய்க்கு 50 மீட்டர், நடுத்தரத்திற்கு 25 மீட்டர், சிறியதற்கு 15 மீட்டர் என்று கால்வாயின் மையத்திலிருந்து அளந்து இடம்விடச் சொல்லிற்று. 2016 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை மேலும் அகலமாக்கி, கரையின் விளிம்பிலிருந்து அளக்க ஆணையிட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. மீட்டர் எத்தனை என்பதில் சட்டம் வல்லோர் வாதிடலாம். மழை வாதிடுவதில்லை. 2022 ஆம் ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நகரின் கிழக்குப் பகுதியில் செல்வர் வாழும் விலை உயர்ந்த மாளிகைகளுக்குள்ளும் நீர் புகுந்தது. அவர்கள் படகிலும் டிராக்டரிலும் வெளியேறினர். தாழ்ந்த நிலத்தின் துன்பம் ஏழைக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை அந்த மழை மாற்றிற்று.

நான்காம் படியில்தான் வீடு வருகிறது. கரையை நோக்கி வீட்டின் முகப்பு அமைய வேண்டும், முதுகு அன்று. வீட்டின் பின்புறம் எங்கே உண்டோ அங்கே குப்பை விழும் என்பது ஊரறிந்த செய்தி. வாயிலும் திண்ணையும் நடைபாதையும் கால்வாயைப் பார்த்திருந்தால், யாரேனும் குப்பை கொட்ட வந்தால் பத்துப் பேர் பார்ப்பர், ஒருவரேனும் கேட்பர். தரைத்தளத்தை வெள்ள மட்டத்திற்கு மேல் உயர்த்துவதும், இரு கரையையும் இணைக்கச் சிறு நடைப்பாலங்களை அடிக்கடி அமைப்பதும், அப்பாலங்களின் தூண் நீரோட்டத்தைத் தடுக்காதபடி பார்த்துக்கொள்வதும் இப்படியைச் சேர்ந்தவை.

ஐந்தாம் படி காத்தல். திறப்பு விழாவோடு முடிந்த திட்டம் மூன்று மழைக்காலத்தைத் தாங்காது. ஆண்டுதோறும் கோடை மழைக்கு முன்னரே தூர் வாரப்பட வேண்டும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்துவைக்காமல் அகற்ற வேண்டும். அக்காலத்து நீருகண்டியைப் போல, இந்தக் கால்வாய்க்கு இவர் பொறுப்பு என்று சுட்டிச் சொல்லக்கூடிய ஒருவர் இருத்தல் வேண்டும். 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. நிர்வாகத்திற்கு எல்லைகள் தேவைதான். ஆனால் மேட்டில் பெய்த மழைக்கு எல்லை தெரியாது. கால்வாய் முழுவதற்கும் ஒரே கணக்கும் ஒரே பொறுப்பும் இல்லையேல், ஒருவர் வாரிய தூர் மற்றவர் பகுதியில் போய்ச் சேரும்.

இந்த ஐந்து படிகளுக்கும் அடிப்படையாக ஒன்று உண்டு. ஏற்கெனவே அங்கு வாழும் மக்களே அது. 2014 மார்ச்சில் மெட்ரோ ரயில் ஸ்ரீராம்புரத்திற்கு வந்தது. ராஜா மில் இருந்த நிலத்தில் பெரிய அங்காடி மாளிகை எழுந்துள்ளது. ஆலைச் சங்கு ஓய்ந்த வட்டாரத்தில் மனை விலை ஏறுகிறது. நாற்றமடித்தவரை யாரும் கேளாத கரை, நீர் தெளிந்ததும் பலர் கேட்கும் கரையாகும். இரண்டு மூன்று தலைமுறைகளாக வெள்ளத்தையும் கொசுவையும் பொறுத்து வாழ்ந்த குடும்பம், கால்வாய் சீரானதும் வாடகை கட்ட இயலாமல் வெளியேறுமானால், அந்தச் சீர்திருத்தம் யாருக்காகச் செய்யப்பட்டது? ஆகவே புதிய குடியிருப்பின் முதற்கட்ட வீடுகள் கரையில் இன்று வாழ்வோருக்கே உரியவை என்று தொடக்கத்திலேயே எழுத்தில் வரையறுக்க வேண்டும். ஒரு பகுதியில் புதிய வீடு கட்டி முடித்த பின்னரே அடுத்த பகுதியில் பழைய வீட்டை இடிக்க வேண்டும். அவ்வாறு செய்தால் யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. பிள்ளை பள்ளி மாற வேண்டியதில்லை. கட்டம் கட்டமாகச் செய்வதன் தலையாய பயன் இதுவே.

இறுதியாக ஒன்று. பெங்களூரின் குடிநீர் 1974 ஆம் ஆண்டு முதல் காவிரியிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தருவதற்காக அமைந்தது. நூறு கிலோமீட்டர் அளவு தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்திற்கு, மின்சாரம் செலவிட்டு ஏற்றும் நீர் அது. அது வீட்டில் ஒரு முறை பயன்பட்டபின், இந்தக் கால்வாய்கள் வழியே இறங்குகிறது. விருஷபாவதி வழியே போவது அர்க்காவதியை அடைந்து, சங்கமத்தில் காவிரியோடு கலந்து, மேட்டூரை நோக்கி வருகிறது. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் ஒரு பெண்மணி கொட்டும் பாத்திரம் கழுவிய நீருக்கும் தஞ்சை உழவனின் வயலுக்கும் இடையே உள்ள வழி நீண்டதாயினும் அறுபடாதது. இரு மாநிலத்தாரும் காவிரியின் அளவைப் பற்றி நெடுநாளாகப் பேசிவருகின்றனர். அதன் தூய்மையைப் பற்றிப் பேசுவதற்கு ஸ்ரீராம்புரத்துக் கால்வாய் போன்ற சிறு கால்வாய்கள் நல்ல தொடக்கமாகும்.

நேயர்களே, கால்வாய்க் கரையில் வாழ்வது தாழ்வன்று. திட்டமின்றி அங்கே தள்ளப்படுவதே தாழ்வு. மேட்டில் வாழ்வோர் தம் வீட்டு மழைநீரைத் தம் மண்ணிலேயே இயன்றவரை தேக்குவதும், ஆட்சியாளர் வடிகாலை முதலிலும் வீட்டைப் பிறகும் அமைப்பதும், கரையில் வாழ்வோர் கால்வாயைத் தம் தெருவாகக் கருதிக் காப்பதும் கூடி நடந்தால், மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் மாலையில் நின்று பேசும் நாள் வரும். அந்த நாளுக்குரிய வேலை, அடுத்த மழைக்கு முன்பே தொடங்கக்கூடிய வேலைதான்.